காற்றுக்கு விழுந்தவை

குரூப் நாலு கையேட்டில்
நாற்பத்தோராம் பக்கம் ஒரு முக்கோணம்.
உச்சியில் அரசன். அடுத்து பிரபுக்கள்.
அப்புறம் குதிரைவீரர்கள்.
அடிக்கோட்டில், நெருக்கியடித்து, பண்ணையடிமைகள்.
அச்சடித்தவன் அந்தக் கடைசிச் சொல்லுக்கு
மை குறைத்துவிட்டான்.

சந்தூருக்கு மேற்கே எட்டு ஏக்கர் மாந்தோப்பு.
படுக்கை கயிற்றுக்கட்டில், வெளிச்சம் செல்போன்,
பன்றி விரட்ட ஒரு தகர டின்.
தோப்பு பெங்களூர் பல் டாக்டருடையது.
அவர் தீர்த்தகிரிக்கு ரெண்டு வருஷக் குத்தகை விட்டார்.
தீர்த்தகிரி பூவிலேயே விலை பேசி
போச்சம்பள்ளி மண்டிக்குக் கைமாற்றினார்.
மண்டிக்காரர் கூழ் ஆலையில் முன்பணம் வாங்கியிருக்கிறார்.
ஆலை யாரிடம் வாங்கியதோ,
உச்சி மேகத்துக்குள் இருக்கிறது.

காவலுக்கு நான்.
மாசம் ஆறாயிரம்,
கூடவே வாய்ச்சொல்லாய் ஒரு மானியம்:
"விழுந்த காய் உனக்கு, ரத்னம்மா."

அங்கேயும் இப்படித்தானாம்.
காடு பிரபுவுக்கு, காட்டின் மான் பிரபுவுக்கு,
காய்ந்த கிளை மட்டும்
துரட்டிக்கு எட்டிய வரை குடியானவனுக்கு.
துரட்டி என்பது என் சொல்.
கையேட்டில் வேறு என்னமோ போட்டிருந்தது.

விசுவாசம் செய்பவன் வாளைக் கழற்றி,
தலையைத் திறந்து, மண்டியிட்டு,
கூப்பிய கைகளைப்
பிரபுவின் உள்ளங்கைகளுக்குள் வைப்பானாம்.
எனக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.
தீர்த்தகிரி பைக்கை அணைக்காமலே பத்தாயிரம் நீட்டினார்.
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.
ஒரு நொடி விரல்கள் பட்டன.
அது சேர்த்தியா?

சித்திரை கடைசியில் ஒரு ராத்திரி, ரெண்டு மணிக்குக் காற்று.
முதலில் விழுவதை எண்ண முடிந்தது.
பதினாறு, பதினேழு.
அப்புறம் கல்மழை. டின்னே கத்தியது.
விடிந்தபோது மரங்களில் கிழிந்த இலைகள் இருந்தன.
தரை முழுக்க பெங்களூரா,
மூக்குடைந்து பால் வடிய.

எட்டு ஏக்கர்.
விழுந்த காய்.

ஐந்தே முக்காலிலிருந்து ஆறு நாற்பது வரை
நான்தான் பிரபு.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஒன்றையும் மிதிக்காமல் நடந்து பார்த்தேன்.
ஊறுகாய்க்காரன் கிலோ எட்டு ரூபாய் கொடுத்தால்கூட
பெரியவனின் பாலிடெக்னிக் பாக்கி தீரும்,
மீதியில் கூரைக்கு நாலு ஷீட்.
பெருக்கிக்கொண்டே வந்து
கிணற்று மேட்டில் கணக்கு தப்பிவிட்டது.
திரும்ப முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பைக் வந்தது.
"தானா விழுந்தாத்தான் விழுந்த காய்.
காத்து தள்ளுனது வேற."
மண்டிக்காரர் ஸ்பீக்கரில்:
"காத்து தள்ளுனது நஷ்டம். நஷ்டம் தீர்த்தகிரிக்கு,
காய் மண்டிக்கு."
டாக்டர் வீடியோவில், பல் துலக்கியபடி:
"மரம் ஏதாவது சாஞ்சிருக்கா? கேமராவத் திருப்புங்க."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்:
"நேத்து வரைக்கும் விழுந்ததெல்லாம்
எது தள்ளி விழுந்துச்சு?"
அணைத்த பைக்கின் சைலன்சர்
டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

பொறுக்கிக் கட்டியதும் நான்தான்,
மூட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கல்வரப்புக்கு அந்தப் பக்கம் உண்ணிப்புதரில் கிடந்தவற்றை
ஒருத்தரும் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை,
இருட்டும் வரை.

இப்போது காயில்லாத தோப்புக்குக் காவல் இருக்கிறேன்.
முன்பணம் கழிய இன்னும் நாற்பது நாள்.
பன்றிகூட வருவதில்லை.
நாற்பத்திரண்டாம் பக்கம், நகரங்களின் தோற்றம்:
ஓடிப்போன பண்ணையடிமை
ஒரு வருஷமும் ஒரு நாளும்
நகரத்தில் பிடிபடாமல் இருந்துவிட்டால்
அவன் யாருக்கும் சொந்தமில்லை.

ஓசூருக்கு விடிகாலையில் பஸ் இருக்கிறது.
வருஷம் சரி, புரிகிறது.
அந்த ஒரு நாள் எதற்கு என்றுதான்
ரெண்டு ராத்திரியாக
பக்கத்தைத் திருப்பாமல் இருக்கிறேன்.